வைப்பர் மக்கர் செய்கிறதா? மோட்டார் வாங்கப் போகும் முன் இதைப் படியுங்கள்

என் காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. சில மாதங்களாகவே வைப்பர் சோம்பலாகத்தான் ஓடியது. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் இரவு நல்ல மழையில், கண்ணாடியின் நட்டநடுவில் இரண்டு வைப்பரும் நின்றுவிட்டன. மறுநாள் வண்டியைப் பார்த்தவர் பானெட்டை முழுசாகத் திறக்கக்கூட இல்லை. "மோட்டார் போச்சு" என்றார். புது மோட்டார் வாங்கி மாட்டினோம். இரண்டு வாரம் ஜோராக ஓடியது. மூன்றாவது வாரம் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது.

கடைசியில் நானே உட்கார்ந்து கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழைய மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. வைப்பர் கையைத் தாங்கும் இரும்புத் தண்டு ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. கூடவே எர்த் ஒயர் ஒன்றின் (மோட்டாரிலிருந்து கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி அது) முனை பச்சை பூத்திருந்தது. இரண்டையும் சரிசெய்யக் கொஞ்சம் கிரீஸும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதுமானதாக இருந்தன. மோட்டாருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படிக்கும்போது குழம்பாமல் இருக்கச் சில பெயர்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் அச்சில் ஒரு குட்டைக் கிராங்க் இருக்கும். அது சுற்றும்போது லிங்க் கம்பிகள் முன்னும் பின்னும் தள்ளப்படும். அந்தத் தள்ளலை வாங்கி அரைவட்டமாகத் திருப்புவது ஸ்பின்டில் என்கிற தண்டு. ஸ்பின்டிலின் தலையில் வைப்பர் கை, கையின் நுனியில் பிளேடு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி இறுகினாலும் பழி என்னவோ மோட்டார் மேல்தான் விழும்.

1. கழற்றும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தாள்கள். வண்டியோடு வந்த கையேட்டில் பியூஸ் பெட்டியின் படம் இருக்கும். எந்த எண் வைப்பருக்கு என்று அதில்தான் தெரியும். பெட்டி மூடியின் உள்பக்கத்திலும் அச்சடித்திருப்பார்கள், ஆனால் பழைய வண்டிகளில் அந்த மூடியே காணாமல் போயிருக்கும். உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய ஒயரிங் படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரே மாடலில்கூட நடுவில் ஒயர் நிறங்களை மாற்றியிருப்பார்கள், ஆகவே ஆண்டு முக்கியம்.

பழைய ரேடியோ உள்ள வண்டி என்றால் இன்னொரு தாளையும் தேடி எடுங்கள்: ரேடியோவின் ரகசிய எண் அட்டை. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் சில ரேடியோக்கள் அந்த எண்ணைக் கேட்டு ஊமையாகிவிடும். அட்டையைத் தேடிவிட்டு அப்புறம் பேட்டரியில் கை வையுங்கள்.

கருவிகள்: 10 முதல் 13 மி.மீ. வரையிலான சாக்கெட் ஸ்பேனர்கள், தட்டை ஸ்க்ரூடிரைவர் இரண்டு, சாதாரண மல்டிமீட்டர், துரு இளக்கும் எண்ணெய், லித்தியம் கிரீஸ், மெல்லிய உப்புத்தாள், கம்பி பிரஷ், பெயின்டர் ஒட்டும் காகித டேப், ஒரு தடித்த துண்டு. பேட்டரி டெர்மினலைக் கழற்றும் சின்னப் புல்லர் ஒன்று இருந்தால் நல்லது. ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

நேரக் கணக்கு: பியூஸ் பார்ப்பது பத்து நிமிடம். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கறுப்பு மூடியைக் கழற்றி லிங்க் வரை போக முதல் தடவை இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பின்டில் இறுகியிருந்தால் எண்ணெயில் ஓர் இரவு ஊற வேண்டும். அதாவது மறுநாள் காலையில் வண்டி தேவை என்றால் இன்று மாலை தொடங்காதீர்கள். வண்டித் தகுதிச் சோதனைக்கு நாள் குறித்திருந்தால் ஒரு வாரமாவது முன்னால் ஆரம்பியுங்கள். வைப்பரையும் அங்கே பார்ப்பார்கள், பழைய வண்டிக்குப் பொருள் வந்து சேரவும் நாளாகும்.

2. என்ன செய்கிறது என்று சரியாகக் கவனியுங்கள்

"வைப்பர் வேலை செய்யவில்லை" என்பது போதாது. கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி, சாவியைத் திருப்பி, ஒவ்வொரு வேகத்தையும் போட்டுப் பாருங்கள். ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

சத்தமே இல்லை, அசைவும் இல்லை என்றால் கரன்ட் பக்கம்: பியூஸ், ரிலே (சுவிட்சின் சொல் கேட்டு மோட்டாருக்குக் கரன்டைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி), சுவிட்ச், எர்த், கடைசியாக மோட்டார். மோட்டார் உறுமுகிறது, ஆனால் வைப்பர் அசையவில்லை என்றால் லிங்க் கழன்றிருக்கிறது, அல்லது மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் மழுங்கிவிட்டது. ஒரு பக்க வைப்பர் ஓடுகிறது, மற்றது தூங்குகிறது என்றால் சந்தோஷப்படுங்கள். பெரும்பாலும் அந்தக் கையின் நட்டு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் அந்தப் பக்கக் கம்பி கழன்றிருக்கும்.

எல்லா வேகத்திலும் மந்தம் என்றால் ஆறாவது, ஏழாவது படிகள் உங்களுக்குத்தான். மெதுவேகம் ஓடாது, அதிவேகம் ஓடும் என்றால் (அல்லது நேர்மாறாக) மோட்டாருக்குள் சுழலும் பாகத்தை உரசி அதற்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கலாம், சுவிட்சிலும் குறை இருக்கலாம். இரண்டு வேக மோட்டாரில் பொதுவாக மூன்று கார்பன்கள் இருக்கும்: பொதுவானது ஒன்று, மெதுவேகத்துக்கு ஒன்று, அதிவேகத்துக்கு ஒன்று. ஒரு வேகத்துக்கு உரியது தேய்ந்தால் அந்த வேகம் மட்டும் போகும். விட்டுவிட்டுத் துடைக்கும் வேகம் மட்டும் இல்லையென்றால் ரிலே. அணைத்ததும் கீழே போய்ப் படுக்காமல் நடுவில் நிற்கிறது, அல்லது அணைத்தாலும் நிற்காமல் ஓடுகிறது என்றால் எட்டாவது படிக்குப் போங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி, நின்று, பத்து நிமிடம் கழித்துத் தானாக உயிர் பெறுகிறதா? பல மோட்டார்களில் சூடேறினால் கரன்டைத் துண்டிக்கும் சின்னப் பாதுகாப்பு ஒன்று உள்ளேயே உண்டு. ஏதோ ஒன்று மோட்டாரை இழுத்துப் பிடிக்கிறது என்பதற்கு அது சாட்சி. எனக்கு நடந்தது இதுதான். "சூடாகி நிற்கிறது, அதனால் மோட்டார் கெட்டுவிட்டது" என்று நானும் நம்பினேன்.

3. ஓடுகிறது, ஆனால் துடைக்கவில்லை என்றால்

இது மோட்டார் விவகாரமே இல்லை. ரப்பரின் விளிம்பை விரலால் தடவுங்கள். வெடிப்போ, அலையாக நெளிந்த விளிம்போ தட்டுப்பட்டால் பிளேடை மாற்றுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஓர் ஆண்டு ஓடினால் பெரிய விஷயம். பழைய பிளேடின் நீளத்தை இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து வாங்குங்கள், பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் ஒரே நீளம் இல்லை.

ரப்பர் புதிது, ஆனாலும் தடதடவென்று துள்ளுகிறது என்றால் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருக்கும், அதைத் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வைப்பர் கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. நின்ற நிலையில் பிளேடின் ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஒரு போக்கில் துடைத்து மறு போக்கில் துள்ளும். சத்தம் போவதற்காக ரப்பரில் கிரீஸோ மண்ணெண்ணெயோ தடவாதீர்கள். அன்று சத்தம் போகும், கூடவே பார்வையும் போகும்.

4. பியூஸும் ரிலேவும்

சாவியை அணைத்துவிட்டு வைப்பர் பியூஸைப் பிடுங்குங்கள். தட்டை பியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லும்: நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30 ஆம்பியர். கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று திருப்பி வைப்பதுதான் முதல் பொறி. மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. மீட்டரில் பார்த்துவிடுங்கள். பியூஸ் உட்காரும் பள்ளத்தில் பச்சைப் பூஞ்சை போல இருந்தால் அதையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

புது பியூஸும் உடனே போகிறதா? இங்கேதான் ஆபத்தான யோசனை வரும்: "30 போட்டுப் பார்ப்போமே." வேண்டவே வேண்டாம். பியூஸ் என்பது ஒயர் எரியாமல் காப்பதற்கு இருப்பது. பெரிதாகப் போட்டால் பியூஸுக்குப் பதில் டேஷ்போர்டுக்குள் ஒயர் எரியும். அதற்குப் பதிலாக மோட்டாரின் கப்ளரை (ஒயர்கள் மோட்டாரில் செருகும் பிளக்) பிடுங்கிவிட்டு அதே அளவில் புது பியூஸைப் போட்டு சுவிட்சை இயக்குங்கள். இப்போதும் போனால் ஒயரில் எங்கோ உரசல். என்ஜின் அறைத் தகட்டைத் துளைத்து ஒயர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தை முதலில் பாருங்கள், பழைய வண்டியில் அது நொறுங்கியிருக்கும். போகவில்லை என்றால் மோட்டார் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் லிங்க்.

ரிலேயைப் பக்கத்திலிருக்கும் அதே எண்ணுள்ள ரிலேயோடு மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் விட்டுவிட்டுத் துடைக்க வைக்கும் ரிலே பெரும்பாலும் நேரம் எண்ணும் தனி ரகம். ஹாரன் ரிலேயை அங்கே செருகாதீர்கள். எண் ஒத்துப்போனால் மட்டுமே மாற்றலாம்.

பின் கண்ணாடி வைப்பர் மட்டும் வேலை செய்யவில்லையா? பின் கதவு கீல் அருகே இருக்கும் ரப்பர் குழாயை மடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் கதவைத் திறந்து மூடியதில் உள்ளே ஒயர் அறுந்திருப்பது சர்வ சாதாரணம்.

5. வைப்பர் கையைக் கழற்றுவது

சுலபமான வேலை மாதிரி தெரியும். அதிகம் பேர் கண்ணாடியை உடைத்துக்கொள்வதும் இங்கேதான்.

முதலில் வைப்பரை ஒருமுறை ஓடவிட்டு, சுவிட்சில் அணைத்து, தன் இடத்தில் போய் நிற்க விடுங்கள். நின்ற இடத்தில் பிளேடு எங்கே இருக்கிறதோ அதே கோட்டில் கண்ணாடியின் மேல் காகித டேப் ஒட்டுங்கள், இரண்டு பக்கமும். ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது தடித்த துண்டை நான்காக மடித்துக் கண்ணாடியின் மேல் விரியுங்கள். பிளேடு இல்லாத வைப்பர் கை உங்கள் பிடியிலிருந்து நழுவினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைச் சுத்தியல் மாதிரி கண்ணாடியில் அறையும். ஒரு அறை போதும், கண்ணாடியில் கோடு விழுந்துவிடும். மோட்டாரை விடக் கண்ணாடி விலை அதிகம்.

சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இனிமேல் விரல்கள் லிங்க் கம்பிகளுக்கு நடுவே போகப் போகின்றன. நடுவில் நின்றுபோன மோட்டாருக்குக் கரன்ட் கிடைத்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் தன் இடத்துக்குப் போக அது ஒரு சுற்றுச் சுற்றும். வழியில் விரல் இருக்கிறதா என்று பார்க்காது.

கையின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொப்பியை நெம்பினால் நட்டு தெரியும். நட்டைக் கழற்றியும் கை வராது. கை அலுமினியம், ஸ்பின்டிலின் பற்கள் இரும்பு. இத்தனை ஆண்டு மழையில் இரண்டும் ஒன்றாகிவிட்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரைக் கண்ணாடியிலோ தகட்டிலோ முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள். நட்டை முழுவதும் எடுக்காமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி விடுங்கள், மரை கெடாமல் இருக்கும். துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். அப்புறம் பேட்டரி டெர்மினல் புல்லரின் இரண்டு கால்களையும் கையின் அடியில் கோத்துத் திருகுங்கள். டக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். நான் புல்லர் இல்லாமல் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கைகள் வந்தபின் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் இருக்கும் கறுப்பு மூடியைக் கழற்றலாம். கிளிப்புகள் வெயிலில் காய்ந்து பிஸ்கட் மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கொஞ்சம் இளக்கிவிட்டு நெம்புங்கள். அப்படியும் இரண்டொன்று உடையும், கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

மூடியின் அடியில் பெரும்பாலும் இலைக்குப்பை இருக்கும். முழுவதையும் அள்ளிவிட்டு, அடியில் தண்ணீர் வடியும் துளையை விரலால் தேடுங்கள். என் வண்டியில் அந்தத் துளை மண்ணும் இலையும் கலந்து களிமண்ணாக அடைத்திருந்தது. தண்ணீர் அங்கேயே தேங்கி, மோட்டாரும் ஸ்பின்டிலும் மாதக்கணக்கில் அதில் ஊறியிருக்கின்றன. துருவுக்கு மூல காரணம் அதுதான்.

6. மோட்டாரைப் பிரித்துவிட்டு விரலால் ஆட்டிப் பாருங்கள்

இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு ஒரு மோட்டார் மிச்சம்.

லிங்க் மோட்டாரோடு சேர்ந்திருக்கும்போது கையால் வைப்பரைத் தள்ளிப் பார்ப்பதில் பயன் இல்லை. மோட்டாருக்குள் இருப்பது புழுச்சக்கரம். மோட்டார் அதைச் சுற்றும், வெளியிலிருந்து அதைச் சுற்ற முடியாது. பலமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் மழுங்கும். ஆகவே மோட்டாரின் கிராங்கில் உருண்டைப் பந்து மேல் அழுத்தி மாட்டியிருக்கும் கம்பியின் முனையை, அகலமான ஸ்க்ரூடிரைவரை இடையில் விட்டுத் திருகி விடுவியுங்கள். பந்தும் கிண்ணமும் பிரிந்துவிடும்.

இப்போது ஸ்பின்டில்கள் மோட்டாரிலிருந்து விடுதலை. அவற்றை இணைக்கும் கம்பியைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இரண்டு விரல் பலத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கறகறவென்றோ கனமாகவோ இருந்தால் திருடன் அகப்பட்டான். எது இறுகியிருக்கிறது என்று தெரிய இரண்டு ஸ்பின்டிலையும் கம்பியிலிருந்து பிரித்துத் தனித்தனியாகத் திருப்புங்கள். என் வண்டியில் ஒன்று வெண்ணெயில் கத்தி மாதிரி சுழன்றது; ஓட்டுநர் பக்கத்தது இடுக்கி வைத்துப் பிடித்தும் அசையவில்லை.

ஸ்பின்டில் இரும்பு, அதைச் சுற்றியிருக்கும் கூடு பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. தண்ணீர் உள்ளே போனால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, வீங்கி, தண்டை நெருக்கும். மேலிருந்து எண்ணெய் தெளித்து ஆட்டினால் இரண்டு நாள் சரியாக இருக்கும், திரும்ப இறுகும். புது மோட்டார் மாட்டிய பின் என் வைப்பர் இரண்டு வாரம் ஓடியதன் ரகசியமும் இதுவேதான்: கழற்றி மாட்டிய அசைவில் துரு கொஞ்சம் இடம் கொடுத்தது, அவ்வளவே.

சரியான வைத்தியம் தண்டை வெளியே எடுப்பது. லிங்க் தொகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி முழுவதையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பின்டிலின் கழுத்தில் ரப்பர் தொப்பி, அதன் அடியில் ஒரு சர்க்கிளிப் (தண்டு நழுவாமல் பிடிக்கும் ஸ்பிரிங் வளையம்), வாஷர் ஒன்றிரண்டு இருக்கும். எந்த வரிசையில் வந்தன என்று போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். சர்க்கிளிப் பறந்து போகும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, மரைக்கு அடி படாமல் மேலே ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டினால் தண்டு அடிவழியாக இறங்கும்.

தண்டை மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பாகும்வரை தேயுங்கள். கூட்டின் உள்ளேயும் தாளைச் சுருட்டிவிட்டுத் துடையுங்கள், ஆனால் அளவு மீறித் தேய்த்துத் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். பொடி முழுவதையும் துடைத்தபின் லித்தியம் கிரீஸைத் தாராளமாகப் பூசி மாட்டுங்கள். ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் இதே வேலையை மறுபடி செய்வீர்கள். சில வண்டிகளில் சர்க்கிளிப் இல்லாமல் ரிவெட் அடித்திருப்பார்கள். அங்கே எண்ணெயில் ஊறவைத்து ஆட்டி ஆட்டி இளக்கிப் பார்க்கலாம்; இளகாவிட்டால் லிங்க் தொகுதியை முழுதாக மாற்றுவதுதான் வழி.

அதோடு கம்பி முனைகளில் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களையும் பாருங்கள். பந்தின் மேல் வைத்து ஆட்டும்போது கடகடவென்று ஆடினால் அந்தக் கிண்ணம் தேய்ந்துவிட்டது. நல்ல மழையில் அதிவேகத்தில் போகும்போது கழன்று விழும். கிண்ணம் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முழுத் தொகுதியை விட மிகக் குறைந்த செலவில் முடியும்.

7. கரன்ட் முழுதாக வருகிறதா?

லிங்க் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஆனாலும் மோட்டார் மந்தம் என்றால் மீட்டரை எடுங்கள். பேட்டரியை மாட்டி, விரல்களை லிங்க் பக்கமே கொண்டுபோகாமல், மோட்டாரை ஓடவிட்டு அளக்க வேண்டும். ஓடாத மோட்டாரில் அளந்தால் எல்லாம் 12 வோல்ட் என்றே காட்டி ஏமாற்றும். கரன்ட் ஓடும்போதுதான் கெட்ட இணைப்பு தன் குணத்தைக் காட்டும்.

பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே என்ன வோல்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மோட்டார் கப்ளரின் பின்பக்கத்தில், ஓடுகிற வேகத்துக்கு உரிய ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தின்கிறது. எங்கே என்று பிரிக்க: மீட்டரின் சிவப்பு முனையை மோட்டாரின் எர்த் ஒயரிலும் (எர்த் உடம்பு வழியாகப் போகும் வண்டி என்றால் மோட்டார் உடம்பிலும்), கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். எனக்கு 1.4 காட்டியது. அந்த ஒயரைப் போல்ட் போட்டிருந்த இடத்தைக் கழற்றினால் தகடெல்லாம் துரு, ஒயர் முனை பச்சை. சுரண்டி, புது முனை அடித்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். மீட்டர் 0.1-க்கு இறங்கியது, வைப்பரின் வேகம் கண்ணுக்கே தெரிந்தது.

எர்த் நன்றாக இருந்து, வருகிற பக்கம்தான் குறைகிறது என்றால் பியூஸ் பள்ளம், ரிலே, ஸ்டீரிங் அருகே இருக்கும் சுவிட்ச் என்று பின்னோக்கிப் போங்கள். சுவிட்சை மாற்ற ஸ்டீரிங்கைக் கழற்ற வேண்டிவந்து, அதில் ஏர்பேக்கும் இருந்தால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். என் துணிச்சலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

8. நடுவில் நிற்கிறது, அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது

சுவிட்சை அணைத்த பிறகும் வைப்பர் கீழே போய்ச் சேரும்வரை மோட்டாருக்குக் கரன்ட் வர வேண்டும். அதற்கென்றே தனியாக ஓர் ஒயர் உண்டு. சாவி திரும்பியிருக்கும்போதெல்லாம் அதில் கரன்ட் இருக்கும். பல்சக்கரத்தின் மேல் இருக்கும் செப்புத் தகடு ஒன்று சரியான இடத்தில் அதைத் துண்டிக்கும். அணைத்த இடத்திலேயே வைப்பர் நின்றுவிட்டால் முதலில் கப்ளரில் அந்த ஒயரில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒயர் அல்லது பியூஸ். இருந்தால் மோட்டாரின் மூடியைத் திறந்து செப்புத் தகட்டைப் பாருங்கள். பழைய கிரீஸ் கருகித் தாராக மாறி அதை மூடியிருக்கும். துணியால் துடைத்து, தொடும் நாக்குகளை மிக மெல்ல மேலே நிமிர்த்திவிட்டால் பல சமயம் சரியாகிவிடும். நிற்காமல் ஓடுவதும் இதே குடும்பத்து நோய். தகடு துண்டிக்கவில்லை, அல்லது ரிலே ஒட்டிக்கொண்டது.

9. கடைசியாக மோட்டார்

லிங்க் நலம், கரன்ட் முழுதாக வருகிறது, எர்த் சரி, அப்படியும் ஓடவில்லையா? சுவிட்சைப் போட்டுவிட்டு மோட்டாரின் உடம்பில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். உடனே ஓடினால் கார்பன் தேய்ந்துவிட்டது. சில மோட்டார்களில் கார்பனை மட்டும் மாற்றலாம், மோட்டார் சுற்றுபவர்கள் செய்துகொடுப்பார்கள். இல்லையென்றால் மோட்டார் வாங்குங்கள், இப்போது தாராளமாக வாங்கலாம்.

வாங்கும்போது பழைய மோட்டாரைக் கையோடு எடுத்துப் போங்கள். உடம்பில் இருக்கும் எண், கப்ளரில் எத்தனை பின், ஸ்டீரிங் எந்தப் பக்கம், இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கிராங்க் சேர்ந்து வருகிறதா என்றும் கேளுங்கள். வராவிட்டால் பழையதைக் கழற்றும் முன் அச்சின் முனையிலும் கிராங்கிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கழித்த வண்டியிலிருந்து எடுத்த மோட்டார் புதியதில் ஒரு பகுதி விலைக்குக் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் பேட்டரியில் வைத்து இரண்டு வேகத்தையும் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். கப்ளரையும் அதோடு ஒரு சாண் ஒயரையும் சேர்த்து வாங்குங்கள், உங்கள் கப்ளர் கருகியிருந்தால் அது கைகொடுக்கும். மின் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பல கடைகளில் சொல்வார்கள். பில்லில் மாதிரி எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பக் கொடுக்கும் நிபந்தனையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. என் "கெட்டுப்போன" பழைய மோட்டார் இன்றும் அலமாரியில் நலமாக இருக்கிறது.

10. திரும்ப மாட்டுவது

அவசரப்பட்டு எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள். லிங்க் தொகுதியைப் போல்ட் போட்டு, கப்ளரையும் பேட்டரியையும் மாட்டி, வைப்பர் கைகள் இல்லாமலேயே மோட்டாரை ஓடவிட்டு சுவிட்சில் அணையுங்கள். தன் இடத்தில் போய் நின்றபின் சாவியை எடுத்து, பேட்டரி முனையைக் கழற்றி, கறுப்பு மூடியை மாட்டுங்கள். ஸ்பின்டில் பற்களில் ஒட்டியிருக்கும் அலுமினியத் துகளைக் கம்பி பிரஷால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கை வழுக்கும். டேப் ஒட்டிய கோட்டில் பிளேடு வரும்படி கைகளை உட்காரவைத்து நட்டை இறுக்குங்கள்.

பேட்டரியை மாட்டி, கண்ணாடியைத் தண்ணீரால் நனைத்துவிட்டு முதலில் மெதுவேகம். பிளேடு மேலே கண்ணாடி ஓரத்தையோ கீழே மூடியையோ தொட்டால் நிறுத்தி, கையை ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். இரண்டு பக்கமும் தவறாக வந்தால் கிராங்கை மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு அதிவேகம், பிறகு விட்டுவிட்டு. பத்து நிமிடம் ஓடவிடுங்கள், கண்ணாடி காயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

முதல் மழையில் ஓட்டிவிட்டு வந்ததும் கை நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். எனக்கு இடது பக்கத்தது கால் சுற்று போனது.